பின்வளவுப் பாம்புக்காக ஒரு மடல்

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பகுதிகளில் பின்வளவு உள்ள வீடுகளில் குடியிருக்கும் தமிழ் உறவுகளுக்கு,

 சித்திரை பிறந்து வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் ஒரு படம் சுற்றும். சிமெந்துத் தரையில் ஒரு பாம்பு. முதுகில் மஞ்சள் கோடு, தலை நசுங்கியிருக்கும், பக்கத்தில் மண்வெட்டி. “கவனமாய் இருங்கோ, பிள்ளையளை வெளியில விடாதேங்கோ” என்று கீழே எழுதியிருக்கும். அடித்தவரைப் பாராட்டிப் பலர் கைகூப்பியிருப்பார்கள்.

அந்தப் படத்தில் செத்துக் கிடப்பது கார்ட்டர் பாம்பு. அது எப்படிப்பட்ட பிராணி, எங்கள் வளவில் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயத்தைப் பற்றி. பாம்பைக் கண்டதும் பொல்லுத் தேடும் கையை நான் குறை சொல்லவில்லை. நாகமும் புடையனும் விரியனும் உலாவும் மண்ணில் வளர்ந்தவர்கள் நாங்கள். பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் இல்லாமல் வேலியோரம் போகாதே என்று எங்கள் அம்மாமார் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துபோன உயிர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் மனிதருக்கு ஆபத்தான நஞ்சுள்ள பாம்பு இன்று ஒன்றே ஒன்றுதான்: மசசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு. ஜோர்ஜியன் விரிகுடாக் கரையிலும் புரூஸ் தீபகற்பத்திலும் அது வாழ்கிறது. தெற்கே வின்சர், வெயின்ஃப்ளீட் பக்கத்தில் சில துண்டு நிலங்களில் மிச்சம் இருக்கிறது. அது கடித்து இம்மாகாணத்தில் கடைசியாக ஒருவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மோர்னிங்சைட்டிலோ மார்க்கம் வீதியிலோ அது இல்லை. கோடை விடுமுறைக்குப் பரி சவுண்ட் பக்கம் கொட்டேஜ் எடுத்துப் போகிறவர்கள் அதைப் பற்றி அறிந்து வைத்திருந்தால் போதும்.

கார்ட்டர் பாம்பை அடையாளம் காண்பது எளிது. கறுத்த அல்லது கபில நிற உடம்பில் மூன்று வெளிர் கோடுகள் கழுத்திலிருந்து வால் வரை ஓடும்: முதுகின் நடுவே ஒன்று, விலாக்களில் ஒவ்வொன்று. கோடுகள் பெரும்பாலும் மஞ்சள், சிலவற்றில் பச்சை கலந்த மஞ்சள். அவற்றுக்கு நடுவே கட்டங்கட்டமாகக் கரும்புள்ளிகள். நாக்கு சிவப்பு, அதன் நுனி கறுப்பு. வளர்ந்த பாம்பு அரை மீற்றர் முதல் முக்கால் மீற்றர் வரை இருக்கும். ஒரு மீற்றரைத் தாண்டுவது அரிது. பெரிதாகத் தெரிவது அநேகமாகப் பெண்தான். ஈரி ஏரிக் கரையிலும் அதன் தீவுகளிலும் கோடே இல்லாமல் முழுக் கறுப்பாகவும் பிறப்பதுண்டு. கறுப்பு உடம்பு வெயிலை விரைவாக வாங்கிக்கொள்ளும். குளிர்காற்று வீசும் ஏரிக்கரையில் அது ஒரு வசதி.

லின்னேயஸ் 1758இலேயே இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்துவிட்டார். தெற்கே புளோரிடாவிலிருந்து வடக்கே கனடாவின் வடமேற்குப் பிரதேசம் வரை, அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக் வரை இந்த ஓர் இனம் பரந்து கிடக்கிறது. வட அமெரிக்காவில் இவ்வளவு வடக்கே போய் வாழும் வேறு ஊர்வன இல்லை.

கடிக்குமா என்று கேட்பீர்கள். பிடித்துத் தூக்கினால் கடிக்கும். சின்னப் பற்கள், பூனை பிறாண்டிய அளவுக்குக் காயம் வரும். அதன் வாயில் வலுக்குறைந்த நஞ்சு கொஞ்சம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது தவளைக்கும் புழுவுக்கும் உரிய நஞ்சு. மனிதருக்குச் சிலவேளை தோல் சிவந்து அரிக்கும், கொஞ்சம் வீங்கும், அவ்வளவே. காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. உண்மையில் அது நம்பியிருக்கும் ஆயுதம் வாலடியில் இருக்கிறது. பிடித்தவர் கையில் மலத்தையும் ஒரு நாற்றநீரையும் சேர்த்துப் பூசிவிடும். அந்த நாற்றம் லேசில் போகாது. பிள்ளைகளிடம் “கடிக்கும்” என்று சொல்வதைவிட “கை நாறும்” என்று சொல்லிப் பாருங்கள், தொடமாட்டார்கள்.

எங்கள் வளவுக்கு அது ஏன் வருகிறது? சாப்பாட்டுக்குத்தான். மண்புழு, ஓடில்லாத நத்தையான ஸ்லக், தவளை, தேரை, எப்போதாவது எலிக்குஞ்சு. கத்தரி, மிளகாய் நட்ட பாத்தியில் இரவோடு இரவாக இலையை ஓட்டை போடுகிறதே, அந்த ஸ்லக்கைத் தின்ன வருகிற பாம்பைத்தான் நாங்கள் அடிக்கிறோம். இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. கடைசிப் பனியூழியில் தென் ஒன்ராறியோ முழுவதும் கிலோமீற்றர் கனத்துக்குப் பனிக்கட்டியின் கீழ் கிடந்தது. அதிலே மண்புழுக்கள் அழிந்துபோயின. இன்று உங்கள் புல்தரையில் நெளியும் புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள் செடிகளோடும் மண்ணோடும் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள். பாம்பு இந்த மண்ணின் பழங்குடி. அதன் சாப்பாடு கப்பலில் வந்தது. வந்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டதால்தான், காடு வெட்டி வீடு கட்டிய பிறகும் அது இங்கே தாக்குப்பிடிக்கிறது.

இரையை அது நாக்கால் மோப்பம் பிடிக்கும். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது எங்களை மிரட்ட அல்ல. காற்றிலும் மண்ணிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேல்வாயில் இருக்கும் ஓர் உறுப்பில் வைத்துப் பார்க்கிறது. புழு போன தடத்தை அப்படியே பின்தொடரும்.

இனிக் குளிர்காலம். இந்தப் பாம்பின் வாழ்க்கையில் என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான். சொந்தமாக உடற்சூடு இல்லாத ஒரு பிராணி, மைனஸ் முப்பது, நாற்பதுக்கு இறங்கும் நாட்டில் எப்படித் தப்புகிறது? மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போய்விடுகிறது. பாறை வெடிப்பு, பழைய கிணறு, இடிந்த அத்திவாரம், நண்டுவளை, எறும்புப் புற்று, எதுவானாலும் சரி. நிலக்கீழ் நீர் ஏறி வளையை நிரப்பினால் அந்தக் குளிர்நீருக்குள் அமிழ்ந்தே கிடக்கவும் அதனால் முடியும். அந்த வெப்பநிலையில் தேவைப்படும் சொற்ப ஒட்சிசனைத் தோல் வழியாகவே பெற்றுக்கொள்ளும். இலையுதிர் காலத்துத் திடீர் உறைபனியில் அகப்பட்டு, உடம்பு நீரில் ஒரு பங்கு உறைந்துபோனாலும் சில மணி நேரத்துக்கு உயிர் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

இப்படி ஒதுங்கும் பாம்புகளை ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டுமானால் மனிட்டோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற சிற்றூருக்குப் போகவேண்டும். வின்னிப்பெக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அந்தப் பிரதேசத்தின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளும் இடுக்குகளும் உண்டாகி, கூரை இடிந்து விழுந்த குழிகள் தரையில் வாய் திறந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட நான்கு குழிகளில், இதே கார்ட்டர் இனத்தின் ஒரு கிளையான செவ்விலாப் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உலகத்தில் இவ்வளவு பாம்புகள் ஓரிடத்தில் கூடுவது வேறெங்கும் இல்லை என்கிறார்கள்.

சித்திரை கடைசியில் முதலில் ஆண்கள் மேலே வரும். வந்தவை போகாது, சாப்பிடாமல் வாசலிலேயே வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். பெண்கள் ஒவ்வொன்றாக, நாள் தள்ளித் தள்ளி வெளியேறும். ஒரு பெண் தலை நீட்டியதும் பத்து, ஐம்பது, சிலவேளை நூறு ஆண்கள் அதைச் சுற்றிக்கொள்ளும். இடியப்பத் தட்டில் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாததுபோல எது யாருடைய வால் என்று சொல்ல முடியாது. சண்டை இல்லை, கடி இல்லை. பெண்ணின் முதுகில் தாடையைத் தேய்த்தபடி ஆளுக்கு ஆள் நெருக்கியடிப்பதுதான். ஆணை இழுப்பது பெண்ணின் தோலில் ஊறும் ஒரு கொழுப்பு வாசனை. ரொபர்ட் மேசன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1989இல் அதன் இரசாயனத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1985இல், அவரும் டேவிட் குரூஸ் என்ற ஆய்வாளரும் இன்னொரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். சில ஆண் பாம்புகள் பெண்வாசனையை வெளியிடுகின்றன; மற்ற ஆண்கள் ஏமாந்து அவற்றைச் சுற்றிக்கொள்கின்றன. இது போட்டியாளரைத் திசைதிருப்பும் தந்திரம் என்றுதான் அப்போது எண்ணினார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளரான ரிக் ஷைன் பின்னர் அங்கே வந்து வேறு விளக்கம் கொடுத்தார். குழியிலிருந்து அப்போதுதான் வெளியேறிய ஆண் குளிர்ந்து, தளர்ந்து, ஊரவே முடியாத நிலையில் இருக்கும். காகங்கள் அப்படிப்பட்டதைத் தேடி வந்து கல்லீரலை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுப் போகும். மற்றவை மேலே குவிந்தால் சூடும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும். ஓரிரு நாளில் தெம்பு வந்ததும் வாசனை போய்விடும், அதுவும் கூட்டத்தில் ஓர் ஆணாகச் சேர்ந்துகொள்ளும். ஷைன் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. குளிர்நாட்டில் எல்லாக் கேள்விக்கும் விடை கடைசியில் சூட்டில்தான் போய் நிற்கும்.

கலவி முடிந்ததும் பெண் தங்காது. பதினைந்து, பதினெட்டுக் கிலோமீற்றர் தொலைவில் உள்ள சதுப்பு நிலங்கள் வரை ஊர்ந்து போகும். புரட்டாதியில் அதே குழிக்குத் திரும்பி வரும். அந்தப் பயணத்தில் இடையே வருவது 17ஆம் இலக்க நெடுஞ்சாலை. வாகனங்களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நசுங்கிச் செத்தன. 1999இல் பாம்புகள் உள்ளே போக முன்பே கடுங்குளிர் வந்து இன்னும் பெருந்தொகையைக் கொன்றது. அதன் பிறகு மனிட்டோபாக்காரர் சும்மா இருக்கவில்லை. வீதிக்குக் கீழே சிறு சுரங்கக் குழாய்கள் பதித்து, பாம்புகளை அவற்றுக்குள் திருப்பிவிட வேலி போட்டார்கள். ஒரு காலத்தில் ஆய்வுகூடங்களுக்கு விற்கச் சாக்குச் சாக்காக இவற்றைப் பிடித்துக்கொண்டு போன ஊர் அது. இன்று பக்கத்தில் உள்ள இன்வுட் என்ற ஊரில் இரண்டு கார்ட்டர் பாம்புகளுக்குச் சிலை நிற்கிறது.

எங்கள் ஒன்ராறியோப் பாம்புக்கு அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. சின்னச் சின்னக் குழுக்களாக ஒதுங்கும். முட்டை இடாது, குட்டி போடும். ஆடி, ஆவணி மாதங்களில் பெரும்பாலும் பத்து முதல் நாற்பது குட்டி வரை. ஒரு சூலில் உள்ள குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன்கள் இருப்பதும் சாதாரணம். கலந்த விந்தைப் பெண் மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கவல்லது. பிறந்த குட்டி ஒரு சாண் நீளம், பென்சிலைவிட மெல்லியது. தாய் திரும்பிப் பார்க்காது. முதல் குளிர்காலத்தைப் பெரும்பாலான குட்டிகள் தாண்டுவதில்லை. ஆகவே ஆவணியில் வளவில் ஐந்தாறு குட்டிகளைக் கண்டு “புற்றே வைத்துவிட்டது, பெருகப் போகிறது” என்று கலங்காதீர்கள். பருந்தும் காகமும் ரக்கூனும் பூனையும் புல்வெட்டும் மெஷினும் அந்தக் கணக்கை முடித்துவிடும்.

பாம்பு தனிமை விரும்பி, அதற்கு உறவு தெரியாது என்பது பழைய எண்ணம். அதை அசைத்த ஆய்வு எங்களுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. வாட்டர்லூவில் உள்ள வில்பிரிட் லோரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோர்கன் ஸ்கின்னரும் நோவம் மில்லரும் நாற்பது இளம் கார்ட்டர் பாம்புகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒளிந்துகொள்ளப் பெட்டிகள் கொடுத்து, கமெரா வைத்துக் கவனித்தார்கள். ஒவ்வொரு நாளும் அவற்றை எடுத்து இடம் மாற்றி வைப்பார்கள். பாம்புகளோ தாங்கள் முன்பு சேர்ந்திருந்த அதே துணைகளைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. சில துணிச்சலானவை, சில கூச்சமானவை என்பதும் தெரிந்தது. 2020இல் அது வெளிவந்தது. 2024இல் அதே பல்கலைக்கழகத்தார் இன்னொன்று செய்தார்கள். பாம்பின் சொந்த வாசனையில் ஒலிவ் எண்ணெயைக் கலந்து அதன் முன்னால் வைத்தார்கள். தன் வாசனை மாறியிருப்பதைக் கண்டு கார்ட்டர் நீண்ட நேரம் நாக்கை நீட்டி ஆராய்ந்தது. மற்றப் பாம்பின் வாசனையில் எண்ணெய் கலந்தபோது அவ்வளவு அக்கறை காட்டவில்லை. ஆபிரிக்க மலைப்பாம்பு இனம் ஒன்றிடம் இதே சோதனையைச் செய்தபோது அது அப்படி வேறுபாடு காட்டவில்லை.

மேற்குக் கரையில் உள்ள கார்ட்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. ஒரிகன், கலிபோர்னியாக் காடுகளில் கரடுமுரடான தோலுள்ள நியூட் என்ற பல்லிபோன்ற நீர்நில வாழி ஒன்று இருக்கிறது. அதன் தோலில் உள்ளது பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு. ஒரு நியூட்டில் உள்ள அளவே பல மனிதரைக் கொல்லப் போதும். வேட்டைக்குப் போன மூவர் கோப்பிக் கேத்தலுக்குள் இருந்த நியூட்டையும் சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடித்துச் செத்தார்கள் என்று ஒரிகனில் ஒரு கதை. அந்தக் கதை கேட்டு 1960களில் இந்த நஞ்சை ஆராயத் தொடங்கிய எட்மண்ட் புரோடி என்ற விஞ்ஞானி, இதைத் தின்று உயிர் பிழைக்கும் ஒரே பிராணி கார்ட்டர் பாம்பு என்று கண்டார். இந்த நஞ்சு நரம்பிலும் தசையிலும் சோடியம் நுழையும் வாசலை அடைத்துச் செயலிழக்கச் செய்வது. அந்தப் பாம்புகளின் தசையில் வாசலின் அமைப்பே சில இடங்களில் மாறியிருக்கிறது. நஞ்சு அதில் எளிதில் ஒட்டாது. நியூட்டுக்கு நஞ்சு ஏற ஏறப் பாம்புக்குத் தாங்கும் சக்தியும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் இலவசமாக இல்லை: நஞ்சை அதிகம் தாங்கும் பாம்புகள் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் ஊரும். அளவுக்கு மீறிய நஞ்சுள்ள நியூட்டைப் பாதி விழுங்கியும் வெளியே துப்பிவிடும். தின்று முடித்தாலோ, சில வாரங்களுக்கு அதன் ஈரலே நஞ்சாக இருக்கும். அதைக் கொத்தும் பறவை கவனம். பயப்படவேண்டாம், ஒன்ராறியோவில் அந்த நியூட் இல்லை.

சிலர் சொல்லும் காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அடித்த பாம்பின் சோடி தேடி வந்து பழிவாங்கும் என்கிறார்கள். கார்ட்டருக்குச் சோடி என்று ஒன்றே கிடையாது. பால் வைத்தால் போய்விடும் என்கிறார்கள். பாம்புக்குப் பால் ஆகாரமல்ல. நப்தலின் உருண்டையும் உள்ளித் தண்ணீரும் அதை விரட்டாது. நப்தலின் பிள்ளைகளுக்கும் நாய்க்கும்தான் கேடு. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். புளியந்தீவிலிருந்து வாயில் பூவேந்திக் கடல் கடந்த நாகத்தின் கதையைச் சொல்லி, நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கடித்தால் கொல்லும் பாம்புக்குக் கற்பூரம், கடித்தாலும் ஒன்றும் ஆகாத பாம்புக்கு மண்வெட்டி என்பது என்ன நியாயம்?

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெயில் காயும் பாம்பைக் கண்டால் நாலடி தள்ளி நில்லுங்கள். அது தானாகப் போய்விடும். பேஸ்மெண்ட் ஜன்னல் குழியில் விழுந்து ஏறமுடியாமல் கிடந்தால் சொரசொரப்பான ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு பெட்டியைச் சரித்து வைத்து, தும்புத்தடியால் மெல்லத் தள்ளி, வெளியே கொண்டுபோய் அதே வளவில் விடுங்கள். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் குளிர்காலத்துக்கு ஒதுங்கத் தெரிந்த இடம் இல்லாமல் செத்துப்போகும். நடு மார்கழியில் பேஸ்மெண்டில் கண்டால் பனியில் எறியாதீர்கள்; வனவிலங்கு மீட்பாளர் யாரையாவது அழையுங்கள். தக்காளிப் பாத்திக்கு மேல் போடும் பிளாஸ்டிக் வலையைத் தரையில் குவித்து வைக்கவேண்டாம். பாம்பு சிக்கி அறுபட்டுச் சாகிறது. புல் வெட்ட முன்பு ஒரு தடவை நடந்து பாருங்கள். வளவு மூலையில் கொஞ்சம் கல்லும் பழைய மரத்துண்டும் கிடந்தால் கிடக்கட்டும்.

அடுத்த முறை அந்தப் படம் உங்கள் குழுவில் வந்தால் கைகூப்புவதற்குப் பதிலாக இந்த மடலை அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளோடு நார்சிஸ் போக நினைப்பவர்கள் சித்திரை முடிவிலிருந்து வைகாசி நடுப்பகுதிக்குள், வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். வின்னிப்பெக்கிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம்தான்.

அன்புடன்,
ரூஜ் பள்ளத்தாக்கின் ஓரத்தில் குடியிருக்கும் ஓர் அயலவர்